உப்பளத்து மோட்டாரும் வேங்கடசாமியின் முழங்காலும்

வேங்கடசாமியின் இடது முழங்காலுக்கு அந்த வீட்டில் தனி மரியாதை உண்டு. கடைக்குப் போகச் சொன்னால் அது வலிக்கும். தூரத்துச் சொந்தத்தில் கல்யாணம் என்றால் வலிக்கும். கிரைண்டரைக் கொஞ்சம் கழுவிக் கொடுங்கள் என்றால், கைவேலைதான் என்றாலும், கைக்கு ஆதரவாகக் கால் வலிக்கும். நெய் ரோஸ்ட் சாப்பிட ஹோட்டலுக்குப் போகிறபோது மட்டும் அது வலித்ததாகச் சரித்திரம் இல்லை.

கோயமுத்தூர்ப் பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தியவர். காலம் முழுக்கக் கிரீஸும் இரும்புத்தூளுமாக நின்றுவிட்டு, மகன் ஹர்ஷாவின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். வயிறு மட்டும் முன்னேறியது. டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, காலையில் நடங்கள் என்றார். மறுநாள் காலையில்தான் முழங்கால் வலி பிறந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் ஒரு குறையும் இல்லை. வலி அவ்வளவு நுணுக்கமானது, மிஷினுக்கெல்லாம் பிடிபடாது என்று வேங்கடசாமி டாக்டருக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி ராமாமணி விடுகிற ஆள் இல்லை. விடிந்தால் எழுப்புவாள். அவரும் விடிந்தால் ஒரு காரணம் வைத்திருப்பார். ஒரு நாள் தெருநாய். ஒரு நாள் மேம்பால வேலைத் தூசி. ஒரு நாள் பனி. காரணங்கள் தீர்ந்துபோன சமயத்தில், சம்பந்தி வீட்டார் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேர் முன்னிலையிலும் பெரிய பிரகடனம் ஒன்றைச் செய்தார்.

"நடக்கறதுக்கு எனக்கென்னங்க கசக்குதா? நம்மூர்ல எங்க திரும்புனாலும் ஏத்தம், எறக்கம். முழங்கால் தாங்காதுங்க. இதே கடலோரமாட்டச் சமதரையா இருந்து, நல்ல காத்தும் அடிச்சா, எத்தனை மைல் வேணும்னாலும் நடப்பனுங்க."

கோயமுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகுதூரம். அந்தத் தைரியத்தில் பேசியது அது. சம்பந்தி தலையாட்டினார். ராமாமணி ஒன்றும் சொல்லவில்லை. பஜ்ஜித் தட்டை மட்டும் அவருக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தாள். அவள் பேசினால் பயப்பட வேண்டியதில்லை, பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவனம் பஜ்ஜி மேல் இருந்தது.

அடுத்த வாரமே வந்து நின்றாள்.

"ஏனுங்க, வேதாரண்யத்துக்கு டிக்கெட் போட்டுப்போட்டனுங்க."

"வேதாரண்யத்துல என்ன அம்மணி விசேசம்?"

"கடல்தானுங்க. அங்க கடலோரமா லேசா நடக்கறதுக்குன்னே வழியெல்லாம் இருக்குதுங்களாமா. கல்லுல ஊத்துன தோசையாட்டச் சமதரைங்களாமா."

வேங்கடசாமி பேப்பரை மடித்து வைத்தார். சொன்ன வார்த்தையை விழுங்க முடியாது. சம்பந்தி சாட்சி இருக்கிறார். ரயிலில் தஞ்சாவூர் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். ராமாமணி பஸ்ஸிலேயே ஒப்பந்தத்தையும் பேசி முடித்துவிட்டாள்.

"ஒரே ஒருக்கா நடந்து பாருங்க. பாதி வழியில முடியலைன்னா, நடைங்கற பேச்சையே இனி ஊட்டுல எடுக்கமாட்டேன். முழுசும் நடந்துபோட்டீங்கன்னா, முழங்காலுங்கற பேச்சை நீங்க எடுக்கப்படாது. சரிங்களா?"

சரி என்றார். பாதி வழியில் முடியாமல் போவதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவையில்லை. ஆயுசு முழுக்க நிம்மதி கிடைக்கிற காரியம், அரைமணி நேர நடிப்பில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

போய்ச் சேர்ந்த லாட்ஜின் மேனேஜர் மூன்று வழிகள் சொன்னார். ஒன்று கடற்கரை மணலோரமாகக் கலங்கரை விளக்கம் வரை. ஒன்று காட்டோரமாக, அதிர்ஷ்டம் இருந்தால் மான் பார்க்கலாம். மூன்றாவது, உப்பளங்களுக்கு நடுவே போகிற வரப்புப் பாதை. அது அடுத்த மீனவர் குப்பத்தில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையத்தில் போய் முடியும். மூன்றிலும் மேடு என்று சொல்ல ஒரு சாண் கிடையாது, கைக்குழந்தையை இறக்கிவிட்டால்கூடத் தவழ்ந்தே போய்ச் சேர்ந்துவிடும் என்றார். ராமாமணி அவரைத் தனியாக நிறுத்தி நெடுநேரம் என்னென்னவோ விசாரித்தாள். பிறகு உப்பளப் பாதை என்று முடிவு சொன்னாள். கலங்கரை விளக்கத்துக்குப் போகலாமே என்று வேங்கடசாமி இழுத்ததற்கு, வெளக்கைப் பகல்ல போய்ப் பார்த்து என்ன பண்றதுங்க என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போன வேங்கடசாமி, முக்கில் நின்றிருந்த ஆட்டோக்காரர் கிருபாசங்கரை ஓரமாக அழைத்தார். நாளைக் காலையில் உப்பளப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் வரும். அதன் மேல் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அந்த வழியாக எதேச்சையாக வர வேண்டும். என்னைப் பார்த்து இரக்கப்பட வேண்டும். லாட்ஜில் கொண்டுவந்து விட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

"எதேச்சையா எத்தனை மணிக்கு சார் வரணும்?" என்று கேட்டார் கிருபாசங்கர். கடமை தவறாத மனிதர்.

"எதேச்சைக்கு ஏதுங்க மணி? வாரப்ப வாங்க," என்று சொல்லிவிட்டு, திட்டம் போட்ட திருப்தியில் ஒரு வடையையும் உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

காலையில் புறப்பட்டார்கள். தரை நிஜமாகவே தோசைக்கல்தான். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பு. வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் கண்ணில் படவில்லை, காற்று மட்டும் வந்து சட்டையை உப்பவைத்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்பதை முகத்தில் காட்டிவிடக் கூடாதே என்று வேங்கடசாமி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பாலம் வந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தார். பட்டறையில் சுத்தியல் விரலில் விழுந்த நாளில்கூட வராத ஒரு முனகல் அவரிடமிருந்து வந்தது.

ராமாமணி பதறவில்லை. பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

"முடியலீங்களா?"

"முடியல அம்மணி. நீ போயிட்டு வா. நான் ஆட்டோ வந்தா ஏறிக்கறேன்."

"இந்த உப்புக்காட்டுல ஆட்டோ எப்புடீங்க வரும்?"

"வந்தா ஏறிக்கறேன்னு சொன்னேன். வராட்டி இல்ல."

"சரிங்க. பத்தரமா உக்காந்திருங்க," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று வேங்கடசாமியே எதிர்பார்க்கவில்லை. இனி காலை எழுப்பல் இல்லை. கடைசிவரை சாய்வு நாற்காலி, பேப்பர், காபி. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோ வரவில்லை. எதேச்சைக்கு மணி சொல்லாமல் விட்டது தவறோ என்று பட்டது. சத்தம்தான் வந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு கொட்டகை. உள்ளே உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கடகடவென்று ஓடி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி கடகடவென்று ஓடியது. வேங்கடசாமி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நமக்கென்ன என்றார். காதைப் பொத்தினார். பேரிங்காக இருக்குமோ என்றது மனசு. பேரிங் என்றால் அரைக்கிற சத்தம் வரும், இது இடிக்கிற சத்தம் அல்லவா என்றது காது. அட கெரகத்த, மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் நேர்கோட்டில் இல்லை, இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் ஷாஃப்ட் போய்விடும் என்று முடிவுக்கு வந்தபோது அவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நொண்டியபடி வந்தாரா, நொண்டாமல் வந்தாரா என்பது அவருக்கே நினைவில்லை.

"வாங்க சார். கோயமுத்தூர் மோட்டார்க்காரர்தானே?" என்று வரவேற்றார் உள்ளே இருந்த முருகையன். அந்த உப்பளத்தின் மேற்பார்வை அவர்தான். கையில் டீ தயாராக இருந்தது.

வேங்கடசாமிக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. எங்கே பீளமேடு, எங்கே இந்த உப்புக்காடு. இங்கேகூட நம்மை முகம் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள். டீயில் சர்க்கரை இல்லை. நாளெல்லாம் உப்போடு கிடப்பவர்களுக்குச் சர்க்கரை மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு குடித்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மோட்டாரின் ஒரு காலுக்கு அடியில் தகரத்துண்டு ஒன்றை மடித்து வைக்கச் சொன்னார். போல்ட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்று சொன்னார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சுவிட்டது. முருகையன் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, அடுத்த கொட்டகையில் தண்ணீர் விட்டு விட்டு ஊற்றுகிறது, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

கொஞ்சம் பாருங்கள் என்று ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல வேங்கடசாமிக்கு வராது. அது அவர் ஊர்ப் பழக்கம். தவிரவும், அவர் சந்தோஷமாக இருந்தார். பட்டறைப் பக்கம் போனால், நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா என்று ஹர்ஷா நாற்காலியை வாசலில் போட்டுவிடுவான். ஒரு மோட்டாரைத் தொட்டு எத்தனை நாளாயிற்று.

அடுத்த கொட்டகையில், தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுக்குள் ஒரு நண்டு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றினார். அங்கேயும் சர்க்கரை இல்லாத டீ. அதற்கடுத்த கொட்டகையில் மோட்டார் உறுமியது, கிளம்பவில்லை. கெப்பாசிட்டரை மாற்றச் சொல்லிவிட்டு, உப்புக்காற்றில் இப்படித் திறந்து போட்டால் எந்த மோட்டார்தான் பிழைக்கும் என்று அங்கிருந்தவர்களை ஒரு பிடி பிடித்தார். அவர்கள் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டார்கள். எங்கே போனாலும் வாசலில் ஆள் நின்று, வாங்க சார், வாங்க சார் என்கிறார்கள். வேங்கடசாமியின் புகழ் வரப்புப் பாதையில் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் கைவீசி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு தடவை முழங்கால் ஞாபகம் வந்து, நின்று தடவிப் பார்த்தார். எந்தக் கால் என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

கடைசியாகக் கூப்பிட்டது புயல் பாதுகாப்பு மையத்தைப் பார்த்துக்கொள்ளும் இஸ்மத் என்ற பெண்மணி. மையத்தின் மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கீழே மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். வேங்கடசாமி கீழே காது வைத்துக் கேட்டார். குழாயில் காற்று அடைத்திருக்கிறது, மேலே போய்த்தான் திறக்க வேண்டும் என்றார். ஸ்பானரை வாங்கிக்கொண்டு படியேறினார். முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கு மேல் இரும்பு ஏணி. குழாய் இணைப்பைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று போனது, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பூரிப்பாக அவர் சிரித்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளம். அதன் நடுவே வரப்புப் பாதை போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிற இடத்தில், புள்ளி மாதிரி, ஒரு பாலம். அங்கேதான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழே பார்த்தார். சவுக்குமர நிழலில் ராமாமணி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையாட்டினாள்.

இறங்கும்போது முழங்கால் பயங்கரமாக வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலாக இறங்கி, அவள் பக்கத்தில் போய் விழுந்தார்.

"ஆட்டோவுலதான் வந்தேன்," என்றார்.

"அப்புடீங்களா. கிருபாசங்கர் ஆட்டோவுங்களா?"

வேங்கடசாமி கடலைப் பார்த்தார்.

"நேத்துப் பொழுதோட லாட்ஜுக்கு வந்து என்னைக் கேட்டாருங்க. சார் எதேச்சையா வரச் சொன்னாரு, மணி சொல்லாமப் போயிட்டாரு, நீங்களாவது சொல்லுங்கம்மான்னாரு. வரவே வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க. உப்பளத்து மோட்டாருங்க மக்கர் பண்ணுதுன்னு மேனேஜர் முன்னாலயே சொல்லியிருந்தாருங்க, எந்தெந்தக் கொட்டகையிலன்னு இவருதான் வெவரம் சொன்னாரு. நல்ல மனுசன்."

"அப்ப அந்த டீ?"

"நான் உங்களுக்கு ஒரு கொட்டகை முன்னாலயே போயிட்டிருந்தனுங்க. பின்னால கோயமுத்தூர் மோட்டார்க்காரர் ஒருத்தர் வாராரு, டீயில சர்க்கரை மட்டும் போட்டுறாதீங்கன்னு சொல்லிட்டே வந்தேன்."

முன்னால் ஓடிய புகழ் சேலை கட்டியிருந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மனசு சுருங்கிப் போனது. ஆனாலும் ஒரேயடியாகச் சரணடைய முடியுமா. கடைசிக் கோட்டைச் சுவர் ஒன்று பாக்கி இருந்தது.

"இது சமதரை அம்மணி. அதான் கால் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. நம்மூர் ஏத்தத்துக்கெல்லாம் ஆவாது."

ராமாமணி திரும்பி, புயல் மையத்தின் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தாள். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அதுவும் சமதரைங்களா?"

அவள் உரித்த கடலையை அவர் கையில் கொட்டினாள்.

"கால்ல ஒண்ணுமில்லீங்க," என்றாள், இப்போது கேலி இல்லாமல். "போயி நிக்கறதுக்கு ஒரு எடமில்லாமப் போச்சு உங்களுக்கு. அதைத்தான் முழங்காலு முழங்காலுன்னீங்க. எனக்கு மட்டும் தெரியாதுங்களா?"

வேங்கடசாமிக்குக் கண் கரித்தது. உப்புக்காற்று என்று சொல்லலாம்தான். சொன்னால் நம்புகிற ஆள் பக்கத்தில் இல்லை. தோற்றுவிட்டோம் என்று வருத்தப்பட்டுப் பார்த்தார். வருத்தம் சரியாக வரவில்லை. கடலையை மென்றார். நன்றாக இருந்தது.

சரி, நாளையிலிருந்து நடக்கிறேன், இப்போது கிருபாசங்கருக்குப் போன் போட்டு வரச் சொல்கிறேன், லாட்ஜுக்குப் போகலாம் என்று எழுந்தார். தாராளமாகப் போடுங்க என்றாள் ராமாமணி. சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

"இந்தத் தோப்புக்குத் தெக்கால ஒரு ஐஸ் கம்பெனி இருக்குதுங்களாமா. அங்க மிஷின் ஓடறப்ப நடுவுல நடுவுல ஒரு சத்தம் வருதுங்களாமா. வந்து பாத்தவங்க யாருக்கும் புடிபடலையாமா."

வேங்கடசாமிக்கு எல்லாம் புரிந்தது. இது பொறி. வைத்த ஆள் எதிரிலேயே நிற்கிறாள். உள்ளே தொங்குகிற கருவாடு வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று உறுதி செய்துகொண்டு போனில் நம்பரைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"டக் டக்னு வருதாமா, டொக் டொக்னு வருதாமா?"

"எனக்கென்னங்க தெரியும்," என்று சொல்லிவிட்டு ராமாமணி தோப்புக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். பத்தடியில் அவளைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் வெரசா நட அம்மணி. மத்தியானத்துக்கு மிஷினை நிறுத்திப்போட்டாங்கன்னா சத்தத்தை எங்க போயிக் கேக்கறது?"